இஸ்லாமிய அரசுகளில் முஸ்லிம் அல்லாதவர்களின் சட்ட நிலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வரலாற்று வகுப்பு எடுக்கும்போதும் கூட்டங்களில் பேசி முடித்து இறங்கும்போதும் என்னிடம் வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். சிலர் "அது பொற்காலம்" என்று கேள்விப்பட்டு வருகிறார்கள். சிலர் "ஆயிரம் வருஷக் கொடுமை" என்று முடிவு கட்டிவிட்டு வருகிறார்கள். சட்டத்தில் என்ன எழுதியிருந்தது, அது தெருவிலும் நீதிமன்றத்திலும் எப்படி நடந்தது என்று பொறுமையாகப் பார்த்தால் இரண்டுமே நிற்காது. அதற்காகத்தான் இந்தத் தொகுப்பு. உதாரணங்களைப் பெரும்பாலும் உதுமானியப் பேரரசிலிருந்து எடுத்திருக்கிறேன். ஒட்டோமான் என்று பாடநூல்களில் படித்திருப்பீர்களே, அதுதான். அங்கே காஜி எனப்படும் இஸ்லாமிய நீதிபதிகளின் நீதிமன்றப் பதிவேடுகள் ஏராளமாக மிஞ்சியிருப்பதால் ஊகத்துக்கு வேலை குறைவு. கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

திம்மி, திம்மின்னு சொல்றாங்களே, யாரு சார் அவங்க?

இஸ்லாமிய அரசின் எல்லைக்குள் நிரந்தரமாக வாழ்ந்த முஸ்லிம் அல்லாத குடிகள். ஆட்சியாளருக்கும் அந்தச் சமூகத்துக்கும் இடையே ஓர் ஒப்பந்தம் இருப்பதாகச் சட்டம் கருதியது. உயிர், உடைமை, வழிபாடு ஆகியவற்றை அரசு காக்கும். பதிலுக்கு அவர்கள் ஜிஸ்யா என்ற தலைவரி கட்ட வேண்டும், அரசுக்கு எதிராக எதிரியோடு சேரக் கூடாது, முஸ்லிம்களுக்கு ஒரு படி கீழான இடத்தை ஏற்க வேண்டும். பாதுகாப்பு உண்டு, சமத்துவம் கிடையாது. கீழே வரும் எல்லாப் பதில்களும் இந்த அடித்தளத்தின் மேல்தான் நிற்கின்றன.

முதலில் யூதர்களும் கிறிஸ்தவர்களும் இதற்குள் வந்தார்கள். ஈரானைப் பிடித்தபோது அந்நாட்டின் பழைய மதத்தாரான ஜொராஸ்ட்ரியர்களும் சேர்க்கப்பட்டார்கள். இந்துக்கள் விஷயம் பின்னால் தனிக் கேள்வியாக வருகிறது.

இந்த விதியெல்லாம் குர்ஆன்லயே இருக்கா?

ஜிஸ்யா இருக்கிறது, 9:29 வசனத்தில். ஆனால் எவ்வளவு, யாரிடம், என்ன உடை, எந்த ஆலயம் என்பதெல்லாம் அங்கே இல்லை. அவை பின்னால் வந்த சட்ட அறிஞர்கள் வகுத்தவை.

உடை, மணியோசை, சிலுவை, ஆயுதம், புது ஆலயம் போன்ற தடைகளின் பட்டியல் "உமரின் நிபந்தனைகள்" என்ற பெயரில் புழங்கியது. இரண்டாம் கலீஃபா உமரின் காலத்தில், 7-ஆம் நூற்றாண்டில், சிரியாவின் கிறிஸ்தவர்கள் ஒப்புக்கொண்டது என்பது மரபு. இன்று கிடைக்கும் வடிவம் பிற்காலத்தில் படிப்படியாகச் சேர்ந்தது என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. ஒரு நகரம் சரணடையும் நேரத்தில் குதிரைச் சேணத்தைப் பற்றி யாரும் பேரம் பேசிக்கொண்டிருந்திருக்க மாட்டார்கள். ஆனால் பிற்கால அரசர்கள் கெடுபிடி செய்ய நினைத்தபோதெல்லாம் கையில் எடுத்தது இந்தப் பட்டியலைத்தான்.

ஜிஸ்யா எவ்வளவு? எல்லார்கிட்டயும் வாங்கினாங்களா?

அப்பாஸிய கலீஃபா ஹாரூன் அல்-ரஷீதுக்காக வரி பற்றி நூல் எழுதிய நீதிபதி அபூ யூசுஃப், ஆண்டுக்கு மூன்று நிலைகளைச் சொல்கிறார்: வசதியுள்ளவருக்கு 48 திர்ஹம் (வெள்ளிக் காசு), நடுத்தரத்தாருக்கு 24, உடல் உழைப்பால் பிழைப்பவருக்கு 12. பெண்கள், குழந்தைகள், தானம் வாங்கிச் சாப்பிடும் ஏழைகள், வருமானமில்லாத பார்வையற்றோர், மாற்றுத் திறனாளிகள், வசதியில்லாத துறவிகள் ஆகியோருக்கு வரி இல்லை. பார்வையிழந்த ஒரு யூத முதியவர் பிச்சை எடுப்பதைப் பார்த்த உமர், இளமையில் வரி வாங்கிவிட்டு முதுமையில் கைவிடுவது நியாயமில்லை என்று சொல்லி, அரசுக் கருவூலத்திலிருந்து உதவித்தொகை கொடுக்கச் செய்த நிகழ்வையும் அவர் பதிவு செய்கிறார்.

ஏட்டில் இப்படி. நடப்பு வேறாகவும் இருந்தது. கெய்ரோவின் பழைய பகுதியான ஃபுஸ்தாத்தில், ஒரு ஜெப ஆலயத்தின் அறையில் கிடைத்த இடைக்கால யூதர்களின் கடிதங்களில், வரிக்காரருக்குப் பயந்து வீட்டை விட்டு வெளியே வராத ஏழைகள் வருகிறார்கள். அவர்களுக்காகச் சமூகத்தார் பணம் திரட்டிய கணக்குகளும் இருக்கின்றன.

உதுமானிய அரசு 1691-இல் இந்த வசூலைத் திருத்தி அமைத்தது. அதுவரை பல இடங்களில் வீட்டுக்கு இவ்வளவு, ஊருக்கு இவ்வளவு என்று மொத்தமாக வாங்கியதை ஆளுக்கு ஆள் என்று மாற்றி, 4, 2, 1 பொற்காசு என்று மூன்று நிலைகளாக்கியது. கட்டியவருக்கு முத்திரை குத்திய காகிதச் சீட்டு கொடுக்கப்பட்டது. அதில் ஆண்டும் நிலையும் இருக்கும். வெளியூர் போகும் கிறிஸ்தவ வியாபாரி அதை மடியில் வைத்திருக்க வேண்டும். சீட்டைத் தொலைத்தால் போகிற ஊரில் இரண்டாம் முறை கட்ட வேண்டிய தொல்லை வரலாம்.

முஸ்லிம்களும் ஜகாத் குடுத்தாங்களே? அப்புறம் ஜிஸ்யா மட்டும் எப்படிப் பாகுபாடு ஆகும்?

இந்த வாதத்தை நல்லெண்ணத்தோடு சொல்பவர்களே அதிகம். ஆனால் இரண்டும் ஒரே தராசில் நிற்காது. ஜகாத் குறிப்பிட்ட அளவுக்கு மேல் சொத்து உள்ளவர் தரும் வழிபாட்டுக் கடமை. பணத்துக்கும் தங்கத்துக்கும் இரண்டரை சதவீதம். ஜிஸ்யா தலைக்கு இவ்வளவு என்று வாங்கும் வரி. கூலி வேலை செய்யும் கிறிஸ்தவர் கடைசி நிலையிலாவது கட்ட வேண்டும். அதே கூலி வேலை செய்யும் முஸ்லிமிடம் ஜகாத் கேட்க மாட்டார்கள். அதோடு, ஜிஸ்யா கட்டுவதே கீழான இடத்துக்கு அடையாளமாகவும் இருந்தது.

"அது ராணுவ சேவைக்குப் பதிலாக" என்பதில் பாதி உண்மை உண்டு. உதுமானிய பால்கனில் மலைக் கணவாய்களைக் காவல் காத்த கிறிஸ்தவ ஊர்களுக்கு வரிச் சலுகை கிடைத்தது. ஆனால் சாதாரண முஸ்லிம் விவசாயியும் அந்தக் காலத்தில் கட்டாய ராணுவத்தில் இல்லை என்பதை மறந்துவிடக் கூடாது. அவர் போருக்கும் போகவில்லை, ஜிஸ்யாவும் கட்டவில்லை.

வரி கட்ட வர்றவங்களைக் கழுத்துல அடிச்சு அவமானப்படுத்துவாங்களாமே, நிஜமா?

அப்படிச் செய்ய வேண்டும் என்று எழுதிவைத்த சட்ட அறிஞர்கள் இருந்தார்கள். வசூலிப்பவர் உட்கார்ந்திருக்க, கட்டுபவர் நின்று, தலை குனிந்து கொடுக்க, கழுத்தில் தட்ட வேண்டும் என்கிற அளவுக்குப் போனவர்கள் உண்டு. ஷாஃபிஈ என்ற சட்டப் பள்ளியின் (இஸ்லாமியச் சட்டத்தை விளக்கும் மரபுகளில் ஒன்று) 13-ஆம் நூற்றாண்டுப் பெரும் அறிஞர் இமாம் நவவி இதை ஆதாரமில்லாதது, தவறானது என்று நிராகரித்தார். அவருக்கு ஐந்து நூற்றாண்டு முன்பே அபூ யூசுஃப், ஜிஸ்யாவுக்காக யாரையும் அடிக்கக் கூடாது, வெயிலில் நிறுத்தக் கூடாது என்று கலீஃபாவுக்கு எழுதியிருந்தார்.

வெயிலில் நிறுத்தும் அதிகாரிகள் இருந்ததால்தானே அப்படி எழுத வேண்டி வந்தது? ஆகவே "நடக்கவே இல்லை" என்றும் சொல்ல முடியாது, "அதுதான் சட்டம்" என்றும் சொல்ல முடியாது.

ஒரு கிறிஸ்தவர் முஸ்லிம் மேல கேஸ் போட முடியுமா?

போடலாம், போட்டார்கள், ஜெயித்தும் இருக்கிறார்கள். கடன், வீடு, தோட்டம், அடிதடி என எல்லாவற்றுக்கும் காஜியிடம் போன கிறிஸ்தவ, யூத வழக்காளிகளால் உதுமானியப் பதிவேடுகள் நிரம்பியிருக்கின்றன. சத்தியம் வாங்கும்போது கிறிஸ்தவரிடம் "ஈஸாவுக்கு (இயேசு) இன்ஜீலை (நற்செய்தி) அருளிய இறைவன் மீது" என்றும், யூதரிடம் "மூஸாவுக்குத் (மோசே) தவ்ராத்தை (தோரா) அருளிய இறைவன் மீது" என்றும் வாங்குவார்கள்.

சிக்கல் சாட்சியில் இருந்தது. ஒரு முஸ்லிமுக்கு எதிராக முஸ்லிம் அல்லாதவரின் சாட்சியம் ஏற்கப்படாது. நேரில் பார்த்த பத்துப் பேரும் கிறிஸ்தவர்களாக இருந்தால் வழக்கு தள்ளாடும். இதை நன்றாகத் தெரிந்து வைத்திருந்த வியாபாரிகள் முக்கியமான கொடுக்கல் வாங்கல் எதையும் காஜி முன்னிலையில் பதிவு செய்துவிடுவார்கள், அல்லது முஸ்லிம் அண்டை வீட்டாரைச் சாட்சியாக வைப்பார்கள். உள்ளூரில் நியாயம் கிடைக்காவிட்டால் சுல்தானின் அவைக்கு மனு எழுதும் வழியும் எல்லா மதத்தாருக்கும் திறந்திருந்தது.

கொலை வழக்கில் சட்டப் பள்ளிகள் வேறுபட்டன. உதுமானியர் பின்பற்றிய ஹனஃபி பள்ளியில் திம்மியைக் கொன்ற முஸ்லிமுக்கு மரண தண்டனை உண்டு, இழப்பீடும் முஸ்லிமுக்குச் சமம். மாலிக்கி பள்ளியில் இழப்பீடு பாதி. ஷாஃபிஈ பள்ளியில் மூன்றில் ஒரு பங்கு. "இஸ்லாமியச் சட்டம் இப்படிச் சொல்கிறது" என்று யாராவது ஒரே வரியில் சொன்னால், எந்தப் பள்ளி என்று கேளுங்கள்.

அவங்களுக்குன்னு தனி கோர்ட் இருந்துச்சே, அப்புறம் ஏன் காஜிகிட்ட போனாங்க?

திருமணம், மணவிலக்கு, வாரிசுரிமை போன்றவற்றைத் தங்கள் திருச்சபை அல்லது ரப்பிகளின் (யூத மதகுருக்கள்) மன்றத்தில் தீர்த்துக்கொள்ளும் உரிமை அவர்களுக்கு இருந்தது. "மில்லத் முறை" என்று பாடநூல்களில் வரும். 1453-இல் இஸ்தான்புல்லைப் பிடித்த இரண்டாம் மெஹ்மத், அடுத்த ஆண்டே கென்னாடியோஸ் என்ற துறவியைக் கிரேக்கத் திருச்சபையின் பேட்ரியார்க்காக, அதாவது தலைவராக, அமர்த்தினார் என்பது உண்மை. ஆனால் பேரரசு முழுவதும் ஒரே சீரான முறை அன்றே பிறந்துவிட்டது என்பது பின்னாளில் கட்டிய கதை. அது மெல்ல உருவாகி, 19-ஆம் நூற்றாண்டில்தான் முழு வடிவம் பெற்றது.

காஜியிடம் போனவர்களில் பெண்கள் கணிசம். மணவிலக்குக்குத் திருச்சபை எளிதில் இசையாது. சொத்தில் மகளுக்கு ஷரீஅத் (இஸ்லாமியச் சட்டம்) தரும் பங்கு மகனுடையதில் பாதிதான் என்றாலும், தன் சமூக வழக்கத்தில் அதைவிடக் குறைவாகக் கிடைக்கும் என்று கண்ட பெண் காஜியின் படியேறினார். பாதிரியார்களும் ரப்பிகளும் இதைத் தடுக்கப் பார்த்தார்கள், சமூகத்தை விட்டு விலக்குவோம் என்றும் மிரட்டினார்கள். அப்படியும் போனார்கள். திம்மிகள் சட்டத்தின் கீழ் வெறுமனே அடங்கிக் கிடந்தவர்கள் என்ற எண்ணத்தை இந்தப் பெண்களின் வழக்குகள்தான் எனக்கு மாற்றின.

புது சர்ச் கட்டக் கூடாதுன்னா, இஸ்தான்புல்ல அவ்வளவு பழைய சர்ச் எப்படி மிஞ்சுச்சு?

இது நான் மிகவும் விரும்பும் கேள்வி. பொது விதி இது: பழைய ஆலயத்தைப் பழைய அளவிலேயே பழுது பார்க்கலாம், புதிதாகக் கட்டக் கூடாது. இன்னொரு விதியும் உண்டு. சரணடைந்த நகரத்தில் ஆலயங்கள் காக்கப்படும். போரிட்டுப் பிடித்த நகரத்தில் அவற்றை எடுத்துக்கொள்ளும் உரிமை சுல்தானுக்கு உண்டு. இஸ்தான்புல் பீரங்கியால் மதில் உடைத்துப் பிடிக்கப்பட்ட நகரம். ஹாகியா சோஃபியா உடனே மசூதியானது. ஆனால் பல தேவாலயங்களும் ஜெப ஆலயங்களும் விடப்பட்டிருந்தன. எந்தச் சட்டப்படி என்ற கேள்வி சுல்தான் சுலைமானின் காலத்தில் எழுந்தது.

1538-39 வாக்கில் விசாரணை நடந்தது. 117 வயதுடைய ஒருவரும் 130 வயதுடைய ஒருவரும் வந்து சாட்சி சொன்னார்கள். நகரம் வீழ்ந்தபோது யூதர்களும் கிறிஸ்தவர்களும் சுல்தான் மெஹ்மதுடன் இரகசியமாக உடன்பாடு செய்துகொண்டார்கள், எதிரிக்கு உதவாமல் இருந்தார்கள், அதனால் அவர் அவர்களை அப்படியே விட்டுவைத்தார் என்பது சாட்சியத்தின் சாரம். பேரரசின் தலைமை முஃப்தி (சட்டத் தீர்ப்புரை வழங்குபவர்) எபுஸ்ஸுவூத் எஃபெந்தி பின்னால் இந்த விசாரணையைத் தன் ஃபத்வாவில் (தீர்ப்புரை) குறிப்பிட்டு, அந்தச் சாட்சியத்தால் பழைய ஆலயங்கள் நிலைத்தன என்கிறார்.

அந்த வயதை அவர் நம்பினாரா? அவ்வளவு பெரிய சட்ட மேதை நம்பியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. அரசுக்கு அந்தச் சமூகங்கள் தேவை. சட்டத்துக்கு ஒரு காரணம் தேவை. இரண்டும் சந்திக்க அந்த முதியவர்கள் வழி செய்தார்கள். ஆனாலும் அது நிரந்தரக் காப்பு ஆகிவிடவில்லை. பேட்ரியார்க்கின் இருப்பிடமாக இருந்த பம்மகாரிஸ்டோஸ் தேவாலயமே அந்த நூற்றாண்டின் இறுதியில் ஃபெத்ஹியே மசூதியாக மாற்றப்பட்டது.

மஞ்சள் துணி கட்டணும், குதிரை ஏறக் கூடாதுன்னு சட்டம் இருந்துச்சா?

இருந்தது. அப்பாஸிய கலீஃபா முத்தவக்கில் 850-இல் தேன் நிற மேலாடை கட்டாயம் என்று ஆணையிட்டார். உதுமானியத்திலும் தலைப்பாகை நிறம், செருப்பு நிறம், வீட்டின் உயரம் பற்றிய ஆணைகள் திரும்பத் திரும்ப வந்தன. திரும்பத் திரும்ப வந்ததாலேயே, இடைப்பட்ட காலத்தில் யாரும் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை என்று புரிந்துகொள்ளலாம். 1829-இல் இரண்டாம் மஹ்மூத் அரசு அலுவலர் எல்லோருக்கும் மத வேறுபாடின்றி ஃபெஸ் தொப்பியைக் கட்டாயமாக்கியபோது தலையில் இருந்த வேறுபாடு மறையத் தொடங்கியது.

முஸ்லிமா மாறிட்டா எல்லாம் சரியாயிடுமா? பிடிக்கலைன்னா திரும்பி வரலாமா?

மாறினால் ஜிஸ்யா போகும், சாட்சி சொல்லும் உரிமை வரும். கிறிஸ்தவ மனைவி மாறி, கணவர் மாற மறுத்தால் திருமணம் முறியும். முஸ்லிம் ஆண் கிறிஸ்தவ, யூதப் பெண்களை மணக்கலாம், மறுதலையாக முடியாது.

திரும்பி வர வழியில்லை. விட்டு வெளியேறுபவருக்கு மரண தண்டனை என்பதே செவ்வியல் சட்டம். தன்னை மெசியா (யூதர்கள் எதிர்பார்த்திருந்த மீட்பர்) என்று அறிவித்த சபெத்தாய் ட்செவி என்ற யூதர் 1666-இல் சுல்தானின் முன் நிறுத்தப்பட்டபோது மதம் மாறி உயிர் பிழைத்தார். 1844-இல்தான், ஐரோப்பியத் தூதர்களின் கடும் அழுத்தத்துக்குப் பின், மதம் விட்டுத் திரும்பும் கிறிஸ்தவர்களைக் கொல்வதைத் தடுப்பதாக உதுமானிய அரசு உறுதி கொடுத்தது.

கிறிஸ்தவப் பசங்களைப் பிடிச்சுட்டுப் போய் ராணுவத்துல சேர்த்தாங்களே, அது எந்த ஒப்பந்தத்துல இருக்கு?

எதிலும் இல்லை. தெவ்ஷிர்மே என்ற அந்த முறை 14-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கி 17-ஆம் நூற்றாண்டில் தேய்ந்து போனது. பால்கன் ஊர்களிலிருந்து சிறுவர்களை எடுத்து, மதம் மாற்றி, ஜானிசாரி என்ற சுல்தானின் காலாட்படை வீரர்களாகவும் அரண்மனை அதிகாரிகளாகவும் ஆக்கினார்கள். முதல் கேள்வியில் சொன்ன ஒப்பந்தப்படி திம்மியை அடிமையாக்கவும் கூடாது, கட்டாயமாக மதம் மாற்றவும் கூடாது. இரண்டையும் இது ஒருசேர மீறியது.

அப்படிப் போன ஒரு செர்பியப் பையன்தான் பின்னாளில் மூன்று சுல்தான்களுக்குத் தலைமை அமைச்சராக இருந்த சோகுல்லு மெஹ்மத் பாஷா. செர்பியத் திருச்சபையின் பேட்ரியார்க் பீடம் 1557-இல் மீண்டும் நிறுவப்பட்டதில் அவருக்குப் பங்குண்டு. பீடத்தில் அமர்ந்த மகாரியே அவருடைய உறவினர். இதை வைத்து "பாருங்கள், நன்மைதானே" என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு அமைச்சர் பதவி வந்து சேரவில்லை.

ராஜாவே ஒப்பந்தத்தை மீறினா யார்கிட்ட போய் முறையிடறது?

இந்த அமைப்பின் மிகப் பெரிய ஓட்டை இதுதான். காப்பேன் என்று வாக்கு கொடுத்தவரே மீறினால் மேலே ஆளில்லை. ஃபாத்திமிய கலீஃபா அல்-ஹாகிம் 1009-இல் ஜெருசலேமின் திருக்கல்லறைத் தேவாலயத்தை இடிக்கச் செய்தார். பின்னால் அவரே, கட்டாயத்தால் மதம் மாறியவர்கள் பழைய மதத்துக்குத் திரும்ப அனுமதித்தார். மேலே சொன்ன சட்டத்துக்கு அதுவும் முரண்தான். ஸ்பெயினின் கிரனாடாவில் யூதரான சாமுவேல் ஹநாகித் அமைச்சராகி உயர்ந்தார். அவருக்குப் பின் பதவிக்கு வந்த மகன் யோசேப்பு 1066-இல் கலகக் கும்பலால் கொல்லப்பட்டார். அதே கலகத்தில் நகரத்து யூதர்கள் பலரும் மாண்டார்கள்.

12-ஆம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்காவையும் ஸ்பெயினையும் ஆண்ட அல்மொஹத்கள் திம்மி நிலையையே ஒழித்துக்கட்டினார்கள். மாறு, போ, அல்லது சாவு என்ற நிலை. கோர்டோபாவில் பிறந்த யூத அறிஞர் மைமோனிடெஸ் குடும்பம் அப்படித்தான் வெளியேறியது. அவர் வந்து சேர்ந்த இடம் இன்னொரு முஸ்லிம் அரசு. கெய்ரோவில் சலாஹுத்தீனின் அரசவை வட்டத்தில் மருத்துவரானார்.

அப்போ இருந்த ஐரோப்பாவைவிட இது எவ்வளவோ மேல்தானே?

எந்த நூற்றாண்டு, யாருக்கு என்று கேட்டால் பதில் சொல்லலாம். 1492-இல் ஸ்பெயின் யூதர்களை விரட்டியபோது இரண்டாம் பாயெஸித் அவர்களை ஏற்றார். இன்று கிரீஸில் இருக்கும் சலோனிகா நகரமே அவர்களால் செழித்தது. அந்த யூதருக்கு உதுமானிய மண் சந்தேகமில்லாமல் மேல். ஆனால் 1791-இல் பிரான்ஸ் யூதர்களுக்குச் சம குடியுரிமை கொடுத்துவிட்டது. அன்று சலோனிகாவின் யூதர் இன்னும் ஜிஸ்யா சீட்டோடு நடந்துகொண்டிருந்தார்.

நம்ம நாட்டு இந்துக்கள் வேதக்காரங்க கிடையாதே, அவங்களை எந்தக் கணக்குல வெச்சாங்க?

வேதக்காரர் என்று இங்கே சொல்வது இறைவனிடமிருந்து வேதம் பெற்றவர்களாக இஸ்லாம் கருதும் யூதர்களையும் கிறிஸ்தவர்களையும். ஷாஃபிஈ பள்ளிப்படி யூத, கிறிஸ்தவ, ஜொராஸ்ட்ரியர்களுக்கு மட்டுமே இந்த ஒப்பந்தம். ஹனஃபி பள்ளி வாசலை அகலமாகத் திறந்தது. இந்தியாவை ஆண்டவர்கள் பெரும்பாலும் ஹனஃபிகள் என்பதால் இந்துக்கள் திம்மிகளாகவே நடத்தப்பட்டார்கள். டெல்லியில் ஃபிரூஸ் ஷா துக்ளக் அதுவரை விலக்கு பெற்றிருந்த பிராமணர்களுக்கும் ஜிஸ்யா விதித்தார். அவர்கள் அரண்மனை முன் பட்டினி கிடந்தும் வரி நீங்கவில்லை, கடைசி நிலைக்குக் குறைந்தது, அவ்வளவுதான். அக்பர் 1564-இல் நீக்கினார். ஔரங்கசீப் 1679-இல் மீண்டும் கொண்டுவந்தார். டெல்லியில் மறித்து நின்ற கூட்டத்தின் மீது யானைகளை ஏவிய செய்தியை முகலாய வரலாற்றாசிரியர் காஃபி கான் பதிவு செய்திருக்கிறார்.

மதுரையில் 14-ஆம் நூற்றாண்டில் ஒரு சுல்தானகம் இருந்தது. அங்கே வந்த மொராக்கோ பயணி இப்னு பதூதா, சுல்தான் கியாசுத்தீன் தம்கானிக்குச் சகலை முறை. அந்தச் சுல்தான் பிடிபட்ட இந்து ஆண்களை மட்டுமல்லாமல் பெண்களையும் குழந்தைகளையும் கொன்றதை நேரில் கண்டு, வேறெந்த அரசனும் செய்து கேட்டிராத இழிசெயல் என்று எழுதினார். பல ஊர்களில் காஜியாக இருந்தவர் அவர். சட்டம் தெரிந்ததால்தான் அவருக்கு அது பொறுக்கவில்லை.

இந்த நிலை எப்போ முடிஞ்சது?

உதுமானியத்தில் இரண்டு ஆணைகள். 1839-இன் குல்ஹானே ஆணை எல்லாக் குடிகளின் உயிர், மானம், உடைமைக்கும் உறுதி கூறியது. 1856-இன் சீர்திருத்த ஆணை சம உரிமையை வெளிப்படையாக அறிவித்தது. அதே சமயத்தில் ஜிஸ்யாவும் போனது. ஆனால் ராணுவ விலக்கு வரி என்ற பெயரில் ஏறக்குறைய அதே தொகை அதே ஆட்களிடம் வாங்கப்பட்டது. முஸ்லிம் அல்லாதவர்களுக்கும் கட்டாய ராணுவ சேவை என்பது 1909-இல்தான் வந்தது.

சமத்துவம் வந்த பிறகுதானே படுகொலைகள் நடந்தன? அப்போ பழைய முறையே நல்லதா?

இது கடைசியில் வரும் கேள்வி, கேட்பவர் குரலும் தாழ்ந்திருக்கும். பழைய முறையில் கீழே இருக்க ஒப்புக்கொண்டவருக்கே பாதுகாப்பு. சமத்துவம் அறிவிக்கப்பட்டதும் அந்த இடத்தை விட்டு மேலே வந்தவர்கள் மீது பொறாமையும் கோபமும் கிளம்பின. வல்லரசுகளின் தலையீடு அதை இன்னும் வளர்த்தது. 1860-இல் டமாஸ்கஸில் கிறிஸ்தவர்கள் கொல்லப்பட்டார்கள். அன்று ஆயிரக்கணக்கானோரைத் தன் வீட்டிலும் கோட்டையிலும் வைத்துக் காத்தவர் அல்ஜீரியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட அமீர் அப்துல் காதிர். ஷரீஅத் தன் மீது சுமத்திய கடமையைச் செய்ததாகவே அவர் சொன்னார்.

1915-இன் ஆர்மீனிய இனப்படுகொலையைத் திம்மி சட்டத்தின் விளைவாகக் காட்டுவதை நான் ஏற்பதில்லை. அதைச் செய்தது இளம் துருக்கியர் என்ற இயக்கத்தாரின் போர்க்கால அரசு. அவர்களை இயக்கியது தேசியவாதம். அன்றைய அரசியல் சட்டப்படி ஆர்மீனியர்கள் சம குடிமக்கள். இஸ்தான்புல்லின் புகழ்பெற்ற வழக்கறிஞர் கிரிகோர் ஜோஹ்ராப் நாடாளுமன்ற உறுப்பினராகவே இருந்தார். அவரையும் கைது செய்து கிழக்கே அனுப்பி, வழியில் உர்ஃபாவுக்கு அருகே கொன்றார்கள். அரசனே ஒப்பந்தத்தை மீறினால் யாரிடம் போவது என்ற கேள்விக்கு மேலே சொன்ன பதில், அரசியல் சட்டம் வந்த பிறகும் அந்த நாட்டில் மாறியிருக்கவில்லை.